மார்கழிப் பனியும் நம் வீட்டு வைத்தியமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பத்தாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு தை மாத இரவு, கால் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று நான்தான் ரப்பர் பையில் வெந்நீர் பிடித்து, துணி சுற்றி, காலடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். துணி எப்போதோ விலகியிருக்கிறது. விடிந்து பார்த்தால் குதிகாலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே சாமி" என்றார். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது.

அன்றிலிருந்து பனிக்காலம் வந்தாலே எனக்கு ஒரு எண்ணம் ஓடும். நம் சமவெளிக் குளிர் அப்படியொன்றும் கொடியதல்ல. சென்னையில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டி இருக்கும். கோவை, தருமபுரிப் பக்கம் இன்னும் சில டிகிரி குறையும். உறைபனி விழுவது ஊட்டி போன்ற மலைகளில்தான். அப்படியிருந்தும் இந்த இரண்டு மூன்று மாதங்களில் வீடுகளில் நடக்கும் கெடுதல்களில் பல, குளிரால் வருபவை அல்ல. குளிரைப் போக்கவென்று நாம் செய்வதால் வருபவை. அதிகச் சூடு, புகை, இறுக அடைத்த கதவு, கைக்குக் கிடைத்த மருந்து.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்றில் ஈரம் குறைகிறது. தோலின் மேலடுக்கில் உயிரற்ற செல்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கியிருக்க, அவற்றின் இடுக்குகளை ஒருவகைக் கொழுப்பு அடைத்து நிற்கிறது. உடம்பின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பது அந்தக் கொழுப்புதான். எண்ணெய்ப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவினால் பிசுக்கு சீக்கிரம் விடும் அல்லவா, உடம்பிலும் அதேதான் நடக்கிறது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று சுடச்சுட அரைமணி நேரம் ஊற்றிக்கொண்டு, தலை முதல் கால் வரை சோப்பும் போட்டால் அந்தக் கொழுப்பு கரைந்து போகிறது. தோலின் பி.எச். அளவு சுமார் 5, லேசான புளிப்பு. சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரப் பக்கம் நிற்பது. கெண்டைக்காலில் நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாகத் தெரிவதும், இரவில் தொடை அரிப்பதும் இதனால்தான்.

வெதுவெதுப்பான நீர், ஐந்து முதல் பத்து நிமிடம், அது போதும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போட்டால் போதும். வியர்வையே இல்லாத மார்கழியில் கையையும் முதுகையும் தினம் நுரைத்துத் தேய்க்க வேண்டிய அவசியமில்லை. பீர்க்கங்கூட்டை இந்த இரண்டு மாதம் தள்ளியே வைக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு எண்ணெயோ க்ரீமோ தடவும் நேரத்தில் இருக்கிறது. பலர் குளித்துத் துவட்டி, உடுத்தி, வேலையெல்லாம் முடித்து, இரவில் தோல் இழுக்கும்போதுதான் தடவுகிறார்கள். க்ரீம் ஈரத்தை உண்டாக்குவதைவிட, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைப்பதில்தான் கெட்டி. ஆகவே துண்டால் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, குளியலறையை விட்டு வெளியே வருமுன் தடவுங்கள். விலை உயர்ந்த பாட்டில் தேவையே இல்லை. வீட்டுத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். பெட்ரோலியம் ஜெல்லி அதைவிட இறுக்கமாகப் பூட்டும். பன்னீரில் கிளிசரின் கலந்து தடவுகிறவர்கள், அதன்மேல் இரண்டு சொட்டு எண்ணெயும் தடவ வேண்டும். கிளிசரின் நீரை இழுத்துப் பிடிக்கும் குணமுள்ளது, காற்று வறண்டிருந்தால் தோலின் ஈரத்தையே இழுத்துவிடும். மணம் தூக்கலான க்ரீம்கள் வெடித்த தோலில் எரிச்சலைத்தான் கூட்டும்.

உதடு காய்ந்தால் நாக்கால் தடவாதீர்கள். எச்சிலில் செரிமான நொதிகள் உண்டு. எச்சில் காயும்போது இருந்த ஈரமும் போய்விடும்.

பித்தவெடிப்புக்கு, இரவு கால் கழுவி ஈரத்தோடு பெட்ரோலியம் ஜெல்லியோ, யூரியா கலந்த களிம்போ பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பிளேடால் சீவுவது யாருக்குமே கூடாது, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. அவர்கள் காலை வெந்நீரில் வைக்குமுன் வேறொருவர் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது வெந்நீர்ப் பை இல்லை. காலுறை, கம்பளி, தினமும் இரவு அப்பத்தாவின் பாதத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி, அவ்வளவுதான்.

அரிப்பெல்லாம் வறட்சி என்று நினைப்பதும் தவறு. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சிறு பொரிகள், இரவில் தூங்கவிடாத அரிப்பு, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே தொல்லை என்றால் அது பெரும்பாலும் சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒரே போர்வைக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது. எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் போகாது. மருத்துவர் தரும் மருந்தை வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து. பொடுகும் அப்படித்தான். தலை வறண்டுவிட்டதென்று எண்ணெயை இன்னும் ஊற்றுகிறோம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பிசுக்குத்தான் சாப்பாடு. கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுவதே பலன் தரும். போட்டவுடன் அலசிவிட்டால் காசுதான் நஷ்டம்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில்

இங்கேதான் எனக்குப் பயம் அதிகம். செய்கிறவர்கள் அத்தனை பேரும் பாசத்தால் செய்கிறார்கள் என்பதால் சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது.

சளி என்றவுடன் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கற்பூரம் போட்டு நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்கிறோம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும் பொருள் அது. தவழும் குழந்தை பூஜையறையில் எடுத்து விழுங்கிவிட்டால் ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். கற்பூரம் கலந்த தைலங்களையும் இரண்டு வயதுக்குக் கீழ் தடவக் கூடாது.

பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த ஸ்வெட்டரையும் குல்லாவையும் எடுத்து அப்படியே மாட்டிவிடுவது அடுத்தது. அந்த உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரும். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அது மூளை வரை பாதிக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதென்று பெரும்பாலான வீடுகளில் தெரியாது. எனவே கைக்குழந்தையின் துணி இருக்கும் இடத்தில் அந்த உருண்டையே வேண்டாம், காய்ந்த வேப்பிலை போதும். உருண்டையோடு கிடந்த துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். மணம் இன்னும் அடித்தால் மாட்டாதீர்கள்.

இருமலுக்குத் துளசிச் சாறும் தேனும் நல்ல மருந்துதான், ஒரு வயது முடிந்த பிறகு. அதற்கு முன் ஒரு சொட்டுத் தேனும் நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒரு கிருமியின் விதை, பக்குவப்படாத சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடம்பு துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சும் திணறும். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மூக்கைத் திறந்து இதம் தரும், சளிக்காய்ச்சலின் நாட்களைக் குறைக்காது. குழந்தையை மடியில் வைத்து, போர்வை மூடி, முன்னால் கொதிநீர்ப் பாத்திரத்தை வைப்பதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. ஒரு உதை போதும். தொடை, வயிறு எல்லாம் வெந்துபோகும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே குழந்தைக்குப் போதும். தலை காய சாம்பிராணிப் புகை காட்டுவதையும், கொசுவர்த்தி ஏற்றி ஜன்னலை அடைப்பதையும் விட்டுவிடுங்கள். இளைப்புள்ள குழந்தைக்கு அந்த இரவு மிகவும் நீளமானதாகிவிடும்.

சளி தானாகப் போய்விடும், ஆனால் மூச்சை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, கைவைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடைத்த அறைக்குள் நெருப்பு

ஊட்டி, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கரி அடுப்பில் கோழி சுட்டுவிட்டு, கனன்றுகொண்டிருக்கும் கரியை வெதுவெதுப்புக்காக அறைக்குள் கொண்டுவந்து கதவடைத்துப் படுப்பதுண்டு. புகை இல்லையே என்று தைரியம். கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பயணக் களைப்பு, பித்தம் என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. சமவெளியில் இதே ஆபத்து கேஸ் கீசரில் இருக்கிறது. ஜன்னலில்லாத குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது. அறையில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் முதல் வேலை கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவருவது.

வாளியில் ஹீட்டர் ராடு போடுகிறவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதானே என்ற சமாதானம் வேண்டாம்.

போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போகியன்று காலை பனியோடு அந்தப் புகையும் தரையோடு படிந்து கிடக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வெயில் ஏறும்வரை வெளியே வராமல் இருப்பதே நல்லது.

சாப்பாடு

குளிர்ச்சி என்று தயிர், வாழைப்பழம், கொய்யா எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது நம் பழக்கம். ஜலதோஷம் வைரஸால் வருவது, பழத்தால் அல்ல. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆரஞ்சில் அதில் கால்பங்குதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தின்னாமல் வெளியில் வைத்துத் தின்றால் தொண்டைக்கும் தொல்லையில்லை. மொச்சை, பனங்கிழங்கு, நெல்லி, புதுக்கரும்பு என்று பூமி இந்தப் பருவத்தில் தருவதை நாம் விட்டுவைப்பதில் எனக்கு மிகவும் வருத்தம். தாகம் எடுக்காததால் தண்ணீரை மறப்பதும் உண்டு. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

கஷாயத்தில் ஒரு எச்சரிக்கை. அதிமதுரம் தொண்டைக்கு நல்லதென்று தினமும் வாரக்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். போன வருடம் மிச்சமான ஆன்டிபயாடிக்கை இந்த வருடச் சளிக்கு விழுங்குவதும் வீண். அது வைரஸை ஒன்றும் செய்யாது.

விடியற்காலை

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் உயரும். பனிக்காலத்து அதிகாலை இதய நோயாளிக்கு நல்ல நேரமல்ல. மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பவர்கள், பாவை நோன்பு நோற்பவர்கள் பலர் இருட்டிலேயே பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார்கள். இதய நோயோ உயர் அழுத்தமோ இருந்தால் வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள், அதனால் பக்தி குறைந்துவிடாது என்பது என் நம்பிக்கை. ஐந்து மணி நடையை ஏழு மணிக்கு மாற்றுங்கள். வெயிலும் கொஞ்சம் உடம்பில் படும். இளைப்பு உள்ளவர்கள் காதை மட்டும் கட்டிக்கொண்டு மூக்கையும் வாயையும் திறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த காற்று நுழைவது அதன் வழியாகத்தான், மப்ளரை மூக்கின் மேலும் சுற்றுங்கள். நன்றாக இருக்கிறதென்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

விடியலில் நெஞ்சு அடைத்து, இடது கையோ தாடையோ வலித்து, வியர்த்துக் கொட்டினால், அதுவும் அந்தக் குளிரில் வியர்த்தால், வாயு என்று இஞ்சி தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.