ஊருக்குப் போறீங்களா, விபிஎன் சாவிய யார் கையிலயும் குடுத்துறாதீங்க

பெட்டில என்ன வைக்கணும்னு சொல்ல நான் வரல, அது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஃபோனுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போற ஒரு சமாச்சாரம், விபிஎன், அதாவது நீங்க எங்க இருந்தாலும் உங்க நெட்ட பூட்டுப்போட்டு வேற ஒரு எடத்து லைன் வழியா வெளிய விடுற வழி.

நாங்க இருக்குறது ஜெர்மனில, டிசம்பர்ல குடும்பத்தோட கும்பகோணம் போயிட்டு வந்தோம். பிப்ரவரி கடைசில ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து தபால்பெட்டிய திறந்தா தடியா ஒரு கவர். ஜெர்மனில இருக்குறவங்களுக்கு இது என்னன்னு தெரியும், அப்மானுங்னு பேரு, திருட்டுப்படம் இறக்கினீங்கன்னு படக்கம்பெனி சார்பா வக்கீல் ஆபீஸ் அனுப்புற நோட்டீஸ். என் வீட்டு ஐபி அட்ரஸ் (நெட்டுல நம்ம லைனுக்கு இருக்குற நம்பர்), டிசம்பர் 29, ராத்திரி 7 மணி 52 நிமிஷம், ஏதோ அமெரிக்க சீரிஸ், தொள்ளாயிரத்துச் சொச்சம் யூரோ கட்டணும்னு போட்டிருந்தான். அன்னிக்கு எங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு சார். ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்டு, ஹீட்டர குறைச்சு வச்சுட்டு, நாங்க அம்மா வீட்டுல கொசுவலைக்குள்ள தூங்கிட்டிருக்கோம். அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன், இங்க 7.52னா ஊர்ல நடுராத்திரி 12.22. அந்நேரத்துக்கு திண்ணைல ஃபோன் வெளிச்சத்துல ஒரு மூஞ்சி தெரிஞ்சது ஞாபகம் வந்துச்சு.

நடந்தது இதான். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு ரவுட்டர்ல வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் போட்டு வச்சேன், ஊர்ல இருந்துக்கிட்டே ஆபீஸ் வேலை, இங்கத்த பேங்கு, பசங்க பாக்குற டிவி எல்லாம் வீட்டு லைன் வழியா போகட்டும்னு. காசு கிடையாது, நம்ம ஐபி, கஃபே வைஃபைல உக்காந்தாலும் பயமில்ல. உள்ள வர்றதுக்கான சாவி ஒரு க்யூஆர் கோடா வரும், அத ஃபோன்ல ஸ்கேன் பண்ணா வேலை முடிஞ்சுது. அது சித்தி பையன் கண்ணுல பட்டுருச்சு. "அண்ணே அங்க வர்ற சீரிஸ்லாம் இங்க வரவே மாட்டேங்குது, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க"ன்னான். நான் ஏதோ மழுப்பினேன். சித்தி அடுப்படில தோசை ஊத்திக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம, "மாசாமாசம் உங்கம்மாவ அவன்தான் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறான், ஒரு நெட்டு குடுக்க மாட்டியா"ன்னு கேட்டாங்க. இதுக்கு என்னங்க பதில் இருக்கு? பதினோரு வருஷமா நான் செஞ்சிருக்க வேண்டியத அவன் செய்யுறான். க்யூஆர் கோட நீட்டிட்டேன்.

இப்ப வெவரத்துக்கு வர்றேன். டோரண்டுங்கறது ஆளுக்காளு ஃபைல பகிர்ந்துக்குற முறை, அதுல இறக்குறவன் இறக்கும்போதே மத்தவனுக்கு ஏத்தியும் விடுறான், இங்க கேஸே அந்த ஏத்துறதுக்குத்தான். கண்காணிக்கிற கம்பெனிங்க அதே கும்பலோட கும்பலா சேந்து எந்த ஐபி எத்தன மணிக்கு வந்துச்சுன்னு குறிச்சுக்கும், படக்கம்பெனி கோர்ட்டு அனுமதி வாங்கி இந்த ஐபி யாருதுன்னு இன்டர்நெட் கம்பெனிகிட்ட கேக்கும். கும்பகோணத்துல இருந்து போனாலும் வெளிய வர்றது உங்க வீட்டு வாசல் வழியாத்தான், அதனால லைன் யார் பேர்ல இருக்கோ மொதல்ல அவன் தலைதான் உருளும், நான் இல்லைன்னு வெளக்கம் சொல்ல வேண்டியதும் அவன்தான். கூட வர்ற உறுதிமொழிப் பத்திரத்துல மட்டும் அப்படியே கையெழுத்துப் போட்டுறாதீங்க, அது ரொம்ப வருஷத்துக்கு கழுத்தப் புடிக்கும், வக்கீல்கிட்ட காட்டி மாத்தி எழுதி அனுப்புங்க. நான் அந்த வக்கீலுக்கும் அழுதேன்.

அப்ப காசு குடுத்து விபிஎன் வாங்கலாமேன்னா, வாங்கலாம், இந்தியாவுல விபிஎன் வச்சிருக்குறது பொதுவா குத்தமில்ல. ஆனா 2022 ஏப்ரல் 28ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டுச்சு, வாடிக்கையாளர் பேரு, அட்ரஸு, ஐபி, எதுக்கு வாங்குறான்ங்கறது வரைக்கும் விபிஎன் கம்பெனிங்க 5 வருஷம் வச்சிருக்கணும்னு. அதனால எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க், புரோட்டான்னு பெரிய ஆளுங்க எல்லாம் இந்தியாவுல இருந்த சர்வர தூக்கிட்டாங்க. ஆப்ல இந்தியக் கொடி போட்டிருக்கும், மெஷின் சிங்கப்பூர் மாதிரி வேற எங்கயாவது இருக்கும். இதுலயும் நீங்க ரகசியமாயிட்டீங்கன்னு இல்ல, ஊர் நெட்டுக்காரன் பாத்துட்டிருந்தத இனிமே விபிஎன்காரன் பாப்பான், அவ்ளோதான் வித்தியாசம். ஓசி விபிஎன் பக்கமே போகாதீங்க.

திருட்டுப்பட சைட்டுங்கள தடுக்க கோர்ட்டு போடுற உத்தரவுக்கு நம்ம நாட்டுல அசோக் குமார் ஆர்டர்னே பேரு, ஆள் யாருன்னு தெரியாததால ஒரு பேரு வச்சுக்கிட்டாங்க. விபிஎன் போட்டா அந்தத் தடுப்பு தாண்டும், சட்டம் தாண்டாது. தமிழ்நாட்டுல 2004லயே வீடியோ திருடனுங்கள குண்டர் சட்டத்துல சேத்தாச்சு. 2023ல சினிமா சட்டத்த திருத்தினதுக்கப்புறம் தியேட்டர்ல படத்த ரெக்கார்டு பண்ணா 3 மாசத்துல இருந்து 3 வருஷம் ஜெயில், அபராதமே 3 லட்சத்துலதான் ஆரம்பிக்கும். அதனால முதல் நாள் ஷோவுல விசிலோட நிறுத்திக்கங்க, டைட்டில் கார்டு வரும்போது ஃபோன தூக்கி ஸ்டேட்டஸ் வைக்குற ஆசையெல்லாம் வேணாம். என் மச்சான் வச்சான், நாந்தான் திட்டி அழிக்க வச்சேன்.

வேகத்துக்கு வந்தா, வீட்டு டன்னல்ல, அதாவது வீட்டு வழியா போற விபிஎன் பாதைல, உங்க வீட்டு அப்லோடு என்னவோ அதான் ஊர்ல உங்க டவுன்லோடு. எனக்கு 40 எம்பி, அம்மா வீட்டு ஃபைபர் 100 எம்பியா இருந்தும் பிரயோஜனமில்ல. கும்பகோணத்துல இருந்து ஜெர்மனி போய்த் திரும்பி வர்ற ஒவ்வொரு தட்டுக்கும் 150 மில்லிசெகண்டுக்கு மேல ஆவுது, மீட்டிங்ல நான் பேசி முடிச்சப்புறம் தலையாட்டுறாங்க. விபிஎன் அறுந்தா நெட்டையே நிறுத்துற கில் ஸ்விட்ச் போட்டு ரயில் ஏறினா டவர் மாறுற எடமெல்லாம் நெட்டு செத்துச் செத்துப் பொழைக்கும்.

முக்கியமா இங்கத்து பேங்கு ஆப்பையும் ஊர் பேங்கு ஆப்பையும் ஒரே டன்னல்ல விடாதீங்க, ஸ்ப்ளிட் டன்னல்னு ஒரு செட்டிங் இருக்கு, ஊர் ஆப்ப அதுல வெளிய விட்டுருங்க. நான் விடல. காலைல ஜெர்மனி, மத்தியானம் தமிழ்நாடுன்னு காட்டுனதுல என் என்ஆர்ஈ அக்கவுண்ட (வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு ஊர் பேங்கு குடுக்குறது) முடக்கிட்டாங்க, ரெண்டு நாள் கிளைல டோக்கன் வச்சுக்கிட்டு உக்காந்து, மூணு தடவ ஜெராக்ஸ் எடுத்து, அத வேற தனியா எழுதலாம்.

சாவி குடுத்தே ஆகணும்னா ஆளுக்கு ஒரு தனி சாவி போடுங்க, விமானம் ஏறுறதுக்கு முன்னாடி அழிச்சுருங்க. அதவிட ஒரு வருஷ ஓடிடி சந்தா கட்டிக் குடுங்க, வக்கீல் செலவுல பத்துல ஒரு பங்குகூட வராது.

கவர் வந்த அன்னிக்கே அவன் சாவிய அழிச்சேன். மறுவாரம் ஃபோன் பண்ணான். "அண்ணே, பெரியம்மாவுக்கு சுகர் டெஸ்ட் எடுத்தாச்சு, ரிப்போர்ட் வாட்சப்ல போட்டிருக்கேன், அப்புறம் அந்த நெட்டு வரமாட்டேங்குதே"ன்னான்.

ரவுட்டர் ரிப்பேருடான்னேன்.