சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட்: லைன் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி போச்சு என்று புதுசு வாங்க வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால், டேஷ்கேமுக்கோ (சாலையைப் படம்பிடிக்கும் கார் கேமரா) மொபைல் சார்ஜருக்கோ எந்த இடத்திலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் வரும் டைரக்ட் லைனில் கொடுத்திருந்தால், 0.3 ஆம்பியர் இழுக்கும் ஒரு கேமரா ஒரே நாளில் 7.2 ஆம்பியர்-அவர் தின்றுவிடும். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று நான்கு நாள் நின்றாலே படுத்துவிடும். பேட்டரி மேல் குற்றமே இல்லை.

சரி, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒயர் கலரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு மல்டிமீட்டர் வேண்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் வையுங்கள். பியூஸின் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் சிவப்பு முனையால் தொட்டால் போதும், பியூஸைக் கழற்ற வேண்டியதில்லை. சாவி இல்லாதபோது பூஜ்யம், போட்டால் 12 வோல்ட் சொச்சம், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் வர வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சாவியை எடுத்த உடனே அளந்து, இன்னும் 12 காட்டுகிறதே, இது டைரக்ட் என்று விட்டுவிடுவார்கள். இப்போது வரும் கார்களில் சில லைன்கள் சாவி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், கதவு திறந்திருந்தால் அவற்றை ஆட்டிவைக்கும் காரின் கம்ப்யூட்டர் தூங்கவே போகாது. அதனால் கதவின் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியது போல் ஆக்கிவிட்டு, அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும் (கதவை நிஜமாக மூடுவதற்கு முன் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவித்துவிடுங்கள், இல்லையென்றால் அடிபடும்).

ஏசிசி (சாவியின் முதல் நிலை, ரேடியோ மாதிரி சாமான்களுக்கு), ஐஜி (அடுத்த நிலை, இக்னிஷன்) இரண்டும் ஒன்று என்று நினைப்பது இன்னொரு தவறு. ஏசிசி லைன் ஸ்டார்ட் அடிக்கும் அந்தச் சில நொடி அறுந்துவிடும், கேமரா ஒருமுறை அணைந்து எழும், அவ்வளவுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்கு ஏசிசிதான் நல்லது. ஐஜி-யில் சாவியை விட்டால் தேவையில்லாத மற்ற சர்க்யூட்டும் சேர்ந்து இழுக்கும்.

எந்த பியூஸிலிருந்து எடுப்பது என்பதில் பிடிவாதமாக இருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), பெட்ரோல் பம்ப் பக்கமே போகக் கூடாது. மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் பெரும்பாலும் அது ஏர்பேக், டெஸ்ட் பல்பால் குத்திப் பார்க்கும் வேலையே வேண்டாம். சிகரெட் சாக்கெட், பின் வைப்பர் மாதிரி லைன்கள் போதும். பியூஸ் டேப் (பியூஸ் இடத்தில் செருகி, பழைய பியூஸோடு புது லைனுக்கும் ஒரு பியூஸ் வைக்கும் கிளிப்) போடுபவர்கள் அதைத் தலைகீழாகச் செருகிவிடுவதும் உண்டு. அப்போதும் கேமரா வேலை செய்யும், ஆனால் அதன் கரண்ட்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும். டேப்பில் இருக்கும் பழைய பியூஸை மட்டும் பிடுங்கிப் பாருங்கள்: கேமரா தொடர்ந்து வேலை செய்தால் சரியாகச் செருகியிருக்கிறீர்கள், அணைந்தால் திருப்பிப் போடுங்கள்.

ஃபாக் லேம்ப் வேறு கதை. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். அதை அப்படியே கீ லைனில் (சாவி போட்டால் உயிர் வரும் லைனில்) கொடுத்து, பியூஸ் போனால் சிவப்பு 10 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு மஞ்சள் 20-ஐப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை பியூஸ் போகாது, ஒயர் எரியும். ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) போடுங்கள், அதன் கால்களுக்கு எண் உண்டு: 30-க்கு பேட்டரியிலிருந்து, பேட்டரி பக்கத்திலேயே ஒரு பியூஸ் வைத்து, 87 விளக்குக்கு, 86-க்கு கீ லைன், நடுவில் ஒரு ஸ்விட்ச், 85 எர்த் (வண்டியின் பாடி). கீ லைன் சுமப்பது ரிலே காயிலின் கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான்.

பழைய 100 சிசி பைக் வைத்திருப்பவர்கள் ஹெட்லைட் ஒயரில் சார்ஜர் கொடுக்க வேண்டாம். பலவற்றில் அது இன்ஜினிலிருந்து நேராக வரும் ஏசி (மாறுதிசை) கரண்ட், பேட்டரி லைனே கிடையாது.

அப்புறம் எர்த். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காற்று, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டெல்லாம் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள். எர்த் போல்ட்டுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, அதன் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றி வேறு இடத்தில் போட வேண்டியதுதான்.