கல்லைப் பாத்துச் சொல்லுப்பா: பைக் வழியில் நின்றால்

"சார், பக்கத்துல லேண்ட்மார்க் ஏதாவது இருக்கா?"

2019 ஐப்பசி, இரவு ஒன்பதே கால். திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில், பாடாலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செயின் கழன்று விழுந்துவிட்டது. தூறல் வேறு. இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கியிருந்த ரோட் சைடு அசிஸ்டன்ஸ் நம்பருக்குப் போன் போட்டேன். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வேப்பமரம் இருக்கும்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

முன்னால் லாரியை ஓரங்கட்டி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, மரத்தையெல்லாம் சொன்னா யாருக்குத் தெரியும்? கிலோமீட்டர் கல்லைப் பாத்துச் சொல்லுப்பா."

நான் மெடிக்கல் ரெப். பெரம்பலூர், அரியலூர், துறையூர் என்று பைக்கிலேயே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த ராத்திரிக்குப் பிறகு எத்தனையோ தடவை வண்டி நின்றிருக்கிறது. நிற்கிற இடத்தைச் சரியாகச் சொன்ன அன்றைக்கெல்லாம் உதவி சீக்கிரம் வந்திருக்கிறது.

முதலில் வண்டியை ரோட்டை விட்டு இறக்குங்கள். வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் போதாது, மண்ணுக்கே இறக்கிவிடுங்கள். இடது இண்டிகேட்டர் எரியட்டும். வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போன் பேசாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வருகிற வண்டி முதலில் தட்டுவது அந்த இடத்தைத்தான். தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு வெளியே போய் நில்லுங்கள். ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும். லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி இலையோடு ஒரு கிளையை ஒடித்துப் பத்திருபது அடி பின்னால் போட்டு வையுங்கள். கல்லை அடுக்க வேண்டாம். நாம் கிளம்பிப் போய்விடுவோம், கல் அங்கேயே கிடக்கும், அடுத்து வருகிறவன் அதில் விழுவான்.

போனை எடுக்குமுன் ஐந்தே நிமிஷம் வண்டியைப் பாருங்கள். வலது கைப்பிடியில் இருக்கிற, இன்ஜினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா? டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் யாராவது பையன் அமுக்கிவிட்டுப் போயிருப்பான். ஒருமுறை இதைப் பார்க்காமல் பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த மெக்கானிக்கை வரவழைத்தேன். வந்தார், ஒரு விரலால் சுவிட்சைத் தட்டினார், ஸ்டார்ட் செய்து கொடுத்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்கியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பிப் பாருங்கள், பிளக் கேப்பை அழுத்திவிடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் மெல்லிசாக ஒரு ரீங்காரம் கேட்கும், அது பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் இந்த வண்டிகளைப் பெரும்பாலும் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பம்புக்கே கரண்ட் இல்லை. ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஆசையாகத் தள்ள வருவார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது இடம். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் இருக்கிற ஊரையும் எண்ணையும் அப்படியே படித்துச் சொல்லுங்கள். நாலுவழிச் சாலையில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: எந்தப் பக்கம்? "திருச்சியிலேருந்து சென்னை போற பக்கம், பாடாலூர் தாண்டியாச்சு, சிறுவாச்சூர் இன்னும் வரல" என்று சொல்லிப் பழகுங்கள். பக்கம் மாறினால் உதவிக்கு வருகிறவர் நம்மைக் கண்ணால் பார்த்தும் கிட்டே வர முடியாது. அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டும்.

வாட்ஸ்அப் லொக்கேஷன் அனுப்பலாம்தான். பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் நெட் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. மேப்பைத் திறந்து, நாம் இருக்கிற நீலப் புள்ளியின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அதைச் சாதாரண எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் போதும்.

யாரைக் கூப்பிடுவது? என் முதல் போன் எப்போதும் சொந்த ஊர் மெக்கானிக்குக்குத்தான். அவர் வரப்போவதில்லை, ஆனால் சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடுவார். உள்ளூரில் யாராவது கை வைக்க வந்தால், போனை அவரிடம் கொடுத்து இருவரையும் பேசவிடுங்கள். தேவையில்லாத செலவு அங்கேயே பாதி குறையும்.

பிறகு ரோட் சைடு அசிஸ்டன்ஸ். இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் அது இருக்காது. பெரும்பாலும் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் உண்டு. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள், நம்பரைப் போனில் ஏற்றிவையுங்கள். கூப்பிட்டதும் வண்டி நம்பர், பாலிசி நம்பர் கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது மூன்று: எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாகத் தூக்கிப் போவீர்கள், அதற்கு மேல் என்ன கணக்கு, ஸ்பேர் காசு யாருடையது. பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தாலும் பெட்ரோல் விலை நம்முடையதாகத்தான் இருக்கும். "ஆள் கிளம்பிட்டாரு சார்" என்று மெசேஜ் வந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். வருகிற ஆளே நேரடியாகக் கூப்பிட்டு வழி கேட்டால்தான் கிளம்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

தேசிய நெடுஞ்சாலையில் 1033 இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம். வண்டி ஆபத்தான இடத்தில் மாட்டியிருந்தால் ரோந்து வண்டி வரும். செயின் மாட்டித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிபட்டிருந்தால் 108. ஆள் நடமாட்டமில்லாத இடம், பயமாக இருக்கிறது, யாரோ சுற்றிச்சுற்றி வருகிறார்கள் என்றால் 112. நர்ஸ் வேலை பார்க்கும் என் தங்கைக்கு நான் முதலில் மனப்பாடம் செய்ய வைத்த நம்பர் அதுதான்.

இது எதுவும் இல்லாமல் வேலை முடிகிற நாள்தான் அதிகம். பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற பையனுக்கு அந்த வட்டாரத்து மெக்கானிக் எல்லாரையும் தெரியும். ரோட்டோரம் பழைய டயர் தொங்கினால் அது பஞ்சர் கடை.

வண்டியை ஏற்றித்தான் போக வேண்டும் என்றால் குட்டியானை பேசுங்கள். ஏற்றுமுன் வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி மூன்றையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். முன்சக்கரம் கேபின் பக்கம் முட்டி நிற்கட்டும், கியரில் போடுங்கள், இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடியிலோ இண்டிகேட்டரிலோ கயிறு மாட்டக் கூடாது. கயிறு உரசுகிற இடத்தில் சாக்கு. பின்னால் ஏறி வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பாதீர்கள், டிரைவர் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு பைக்காரர் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வித்தை தெருவுக்குள் சரி, நாலுவழிச் சாலையில் ராத்திரி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பேர் வாங்கிவருகிறேன் என்று முன்பணமும் சாவியும் கேட்கிற முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் கூடவே போங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் சீட்டுக்கடியில் இப்போது ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், இரண்டு ஃப்யூஸ், செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு செயின் லாக் கிடக்கின்றன. அந்த லாக் ஒரு டீ வடை காசுதான் இருக்கும். அது இல்லாமல்தான் அன்றைக்கு நனைந்தேன்.

அன்றைக்குக் கல்லைப் படித்துச் சொன்னதும் அந்தப் பெண்ணின் குரலே தெளிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஒருவர் தலையில் பிளாஸ்டிக் கவரோடு டிவிஎஸ் 50-இல் நேராக என் முன்னால் வந்து நின்றார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே லாக்கை மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை கல்லைச் சொன்னீங்க. சிறுவாச்சூர் பக்கம்னு மட்டும் சொல்லியிருந்தா, நான் போயி கோயில் வாசல்லல்ல நின்னுருப்பேன்" என்றார்.