சென்ட்ரலில் வழி தொலையாமல் இருக்க: ரயில் நிலையப் பலகைகளை வடிவமைப்பது எப்படி?

வழிகாட்டிப் பலகை வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள, எனக்குத் தெரிந்து சென்னை சென்ட்ரலைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. வெளியூர் ரயில்கள் சிவப்புக் கட்டடத்தில். ஆவடி, கும்மிடிப்பூண்டி லோக்கல் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்தில். தாம்பரம் லோக்கலுக்குச் சாலையைத் தாண்டி பார்க் ஸ்டேஷன். மண்ணுக்கடியில் மெட்ரோ. எதிரே ஜி.எச். இதற்கு நடுவில், எழும்பூரில் ஏறவேண்டிய ஒருவர் டிக்கெட்டோடு திருதிருவென நிற்பார். இந்த நிலையத்துக்கு நீங்கள் பலகை எழுதப் போவதாக வைத்துக்கொள்வோம். கணினியை அப்புறம் திறக்கலாம்.

படி 1: பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடங்கள்

நிஜமாகவே கனமான பெட்டி. வெறுங்கையோடு நடந்தால் எல்லா வழியும் சுலபமாகத்தான் தெரியும். மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: கொல்கத்தாவிலிருந்து வந்திறங்கி தாம்பரம் போக வேண்டியவர், மெட்ரோவிலிருந்து மேலே வந்து ஆவடி லோக்கலைத் தேடுபவர், சக்கர நாற்காலியில் இருக்கும் தாயாரை ஜி.எச்.சுக்கு அழைத்துப் போகும் மகள். மூவரின் பாதையையும் தனித்தனியாக முழுசாக நடக்க வேண்டும். கால் தயங்குகிற இடத்திலெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

பலகை வேண்டிய இடங்கள் அந்தப் புள்ளிகள்தான். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், சுவர் காலியாக இருந்த இடத்தில் ஒரு பெரிய பலகையை மாட்டச் சொன்னேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதற்குப் பத்தடி முன்பே மக்கள் தப்பான பக்கம் திரும்பிவிட்டிருந்தார்கள்.

படி 2: விசாரிக்கப்படுபவர்களை விசாரியுங்கள்

டீக்கடைக்காரர், போர்ட்டர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர். "ஒரு நாளைக்கு உங்ககிட்ட அதிகமா என்ன கேட்கிறாங்க?" என்று கேளுங்கள். கடைக்காரர் யாராவது அட்டையில் "லோக்கல் இந்தப் பக்கம்" என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தால் உடனே படம் எடுங்கள். பலகை இல்லாத இடமும், ஜனங்கள் சொல்லும் சொல்லும் அதில் ஒருசேரக் கிடைக்கும்.

படி 3: ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

ஒரு பலகையில் 'புறநகர் ரயில்', அடுத்ததில் 'மூர் மார்க்கெட் வளாகம்', மூன்றாவதில் 'லோக்கல்' என்று இருந்தால், புதிதாக வந்தவருக்கு அவை மூன்று வெவ்வேறு இடங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே எழுதுங்கள். 2019-ல் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. முழுப்பெயர் முகப்பில் இருக்கட்டும். அம்புக்குறிக்குப் பக்கத்தில் 'சென்ட்ரல்' போதும்.

எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். 'நடைமேடை' என்பதைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று முறை எழுத வேண்டும். 5 என்பதை ஒரே ஒரு முறை எழுதினால் போதும். சென்ட்ரலில் 2-க்கும் 3-க்கும் நடுவே 2ஏ என்று ஒரு குட்டி நடைமேடை உண்டு. அந்த 'ஏ'வைச் சிறியதாக எழுதித் தொலைத்துவிடாதீர்கள். ரயில் கிளம்பும் நேரத்தில் அந்த ஓர் எழுத்துதான் எல்லாம்.

படி 4: தமிழ் எழுத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்டுங்கள்

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தடித்த எழுத்துருவில் ண, னை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து வெறும் கறையாகத் தெரியும். மெல்லிய எழுத்துருவிலோ மெய்யெழுத்தின் புள்ளி தூசி மாதிரி ஆகிவிடும். நடுத்தர தடிமன் நல்லது. துணைக்காலும் ரகரமும் பிரித்தறியும்படி இருக்கின்றனவா என்று பார்க்க 'காரர்' என்று எழுதிப் பாருங்கள்.

அளவுக்கு என் கைக்கணக்கு: 10 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க 'ப' என்ற எழுத்தின் உயரம் 4 செ.மீ. இருக்க வேண்டும். 'கீ'யின் கொக்கியையும் 'கு'வின் வாலையும் அந்த உயரத்தில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு இடம்விட்டு வரி இடைவெளியைக் கூட்டாவிட்டால், மேல்வரியின் வால் கீழ்வரியின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்.

படி 5: அம்புக்குறி

இடது அம்பு பலகையின் இடது ஓரத்தில், வலது அம்பு வலது ஓரத்தில். மேல்நோக்கிய அம்பு என்றால் 'நேராகப் போ'. படிக்கட்டுக்கு முன்னால் இதே அம்பைப் போட்டால் நேராகப் போவதா, ஏறுவதா என்ற குழப்பம் வரும். அங்கே சாய்வான அம்பும் படிக்கட்டுப் படமும் சேர்ந்து வரட்டும். ஒரு பலகையில் நான்கைந்து இடங்களுக்கு மேல் வேண்டாம்.

கழிப்பறை, லிஃப்ட், குடிநீருக்குப் புதுப் படம் கண்டுபிடிக்க வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974-ல் உருவாக்கி, 1979-ல் ஐம்பதாக விரிவாக்கிய குறியீட்டுத் தொகுப்பு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக் கிடைக்கிறது.

படி 6: ஒட்டிப் பாருங்கள்

ஃபிளெக்ஸுக்கோ உலோகத்துக்கோ போகும் முன், அனுமதி வாங்கிக்கொண்டு, சாதாரணத் தாளில் அச்சடித்து நிஜ உயரத்தில் ஒட்டுங்கள். டோக்கியோவின் ஷின்ஜூகு நிலையத்தில் கட்டுமானப் பணி நடந்தபோது, சாட்டோ ஷூயெட்சு என்ற காவலாளி வண்ண ஒட்டுநாடாவையே வெட்டி ஒட்டி எழுத்தாக்கி வழி காட்டினார். அந்த எழுத்து வடிவம் பின்னாளில் ஜப்பானில் பிரபலமானது.

தாளை ஒட்டிவிட்டுத் தூண் ஓரமாக நில்லுங்கள். சாயங்கால நெரிசலில் தலைகள் மறைக்கின்றனவா? பக்கத்துக் கடையின் விளம்பர விளக்கு விழுங்கிவிடுகிறதா? பளபளப்பான பரப்பில் டியூப்லைட் எதிரொளிக்கிறதா? திரும்பி வரும் வழியையும் பாருங்கள். உள்ளே போக ஏழு பலகை, வெளியேற ஒன்றுகூட இல்லை என்பது அடிக்கடி நடக்கும்.

2023 பிப்ரவரியில் சென்ட்ரலில் ஒலி அறிவிப்புகளை நிறுத்தி, திரைகளை மட்டும் நம்பிப் பார்த்தார்கள். பார்வையற்றவர்களுக்காக பிரெய்ல் வரைபடமும் வைத்தார்கள். என் கருத்து, படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குத் திரையும் பலகையும் ஒன்றுதான்; குரல் வேண்டும், அல்லது கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். விசாரணைக் கவுண்டருக்குப் போகும் பலகையை அதனால்தான் நான் முதலில் வரைவேன்.

ஒரு வாரம் கழித்து அதே டீக்கடைக்குப் போங்கள். அந்தப் பேனா அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், தாளைக் கழற்றிவிட்டுப் படி 1-லிருந்து மறுபடி நடக்க வேண்டியதுதான்.