பழைய டெஸ்க்டாப்பில் எதை மாற்றினேன்

ஆன் செய்துவிட்டு காபி போட்டு வந்தாலும் எங்கள் டெஸ்க்டாப் முழுதாக எழுந்திருக்காது. நான்காம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "போர்டையே மாத்திடுங்க சார்" என்றார். மற்ற பாகங்கள் எல்லாம் பொருந்தும் மதர்போர்டைத்தான் சொன்னார். போர்டு மாறினால் பிராசசரும் ராமும் கூடவே மாறியாக வேண்டும். என் பட்ஜெட் தாங்காது.

வீட்டுக்கு வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் சும்மா கிடந்தது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. சரி, முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க். அதிலேயே இன்னும் வேகமான என்விஎம்இ வகை வாங்க ஆசைதான், ஆனால் அதைச் செருகும் எம்.2 ஸ்லாட்டே என் போர்டில் இல்லை. அதனால் ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் இணையும் 2.5 அங்குல சாட்டா வகை. கேபினெட்டில் அதற்கு இடம் இல்லாததால் டபுள் டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லையே, பரவாயில்லை.

ராமில்தான் சறுக்கினேன். என் போர்டுக்கு வேண்டியது டிடிஆர்3 வகை ராம், அவசரத்தில் அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்4 வாங்கிவிட்டேன். அதன் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்3 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. நல்லவேளை, அழுத்திப் பார்க்கவில்லை. மறுநாள் கொடுத்து மாற்றினேன்.

அதிக மின்சாரம் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு எதுவும் சேர்க்காததால் பவர் சப்ளையைத் தொடவில்லை. விண்டோஸ் 11 இந்த பிராசசரை அதிகாரப்பூர்வமாக ஏற்காது, அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இப்போது குடும்பப் படங்கள் மட்டும் இருக்கின்றன.