சஸ்பென்ஷன் உயரம் மாற்றியபின் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் அடிக்கடி சென்றுவரும் எங்கள் பகுதியினர் சிலர், காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையத்தை) திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஷாக் செட்டைப் பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்திய பின் ஒரு மூலை தாழ்ந்து தெரிந்தால், உடனே ஸ்பானரை எடுத்து அந்த மூலையின் காலரை ஏற்ற வேண்டாம். சாய்வு உண்மையானதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மலையடிவார வீடுகளின் முற்றம் பெரும்பாலும் சரிவாகவே இருக்கும். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் நான்கு சக்கரங்களும் நிற்கும் இடத்தைச் சோதித்து, டயர் காற்றைச் சமன்செய்யுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியின் டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு வெளிப்பக்கம் நகர மறுப்பதால், அது தன் உண்மையான உயரத்துக்கு இறங்குவதில்லை. ஆகவே, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்தி விட்ட பிறகே, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மட்கார்டு முன்பு அடிபட்டுத் தட்டி எடுக்கப்பட்டதாக இருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது. சேஸிஸின் இருபுறமும் ஒரே இடத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும்.

என் அனுபவத்தில், அதிகம் கவனிக்கப்படாத காரணம் ஆர்ம் புஷ்தான் (சக்கரத்தைச் சேஸிஸுடன் இணைக்கும் ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் உருளை). சக்கரம் தொங்கும் நிலையில் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், உள்ளிருக்கும் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி தரையில் நிற்கும்போது முறுக்கேறி, தனி ஸ்பிரிங்போல அந்த மூலையை மேலே தாங்கி நிற்கும். விரைவில் கிழிந்தும் போகும். என் வண்டியில் இதை அறியாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காலரையே திருகிக்கொண்டிருந்தேன். பணிமனைக் குழியின் மீது வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்படி நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை அழுத்தி விட்டு, தயாரிப்பாளர் குறித்துள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவில் மீண்டும் இறுக்கியதும் சாய்வு மறைந்தது.

அடுத்து, ஸ்பிரிங் முனை, அது உட்காரும் தட்டிலுள்ள படியில் சரியாக அமர்ந்துள்ளதா என்று பாருங்கள். இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு ஒன்றைக் கழற்றி, வண்டியின் உயரத்தை அளந்து பாருங்கள். உயரம் மாறினால், பார் முறுக்கேறியிருக்கிறது என்று பொருள்.

இவற்றுக்குப் பின்னும் வேறுபாடு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மட்டுமே காலரைத் தொடலாம் என்பது என் கருத்து. ஒரு மூலையை உயர்த்தினால் அதன் மீதும் குறுக்கே எதிரிலுள்ள மூலையின் மீதும் சுமை கூடி, மற்ற இரண்டிலும் குறையும். அச்சின் சராசரி உயரம் மாறாதிருக்க, ஒரே அச்சில் ஒரு பக்கத்தைப் பாதியளவு ஏற்றி, மறுபக்கத்தைப் பாதியளவு இறக்குங்கள். சாரல் காலத்துச் சேறு காலர் மரையில் படிந்திருக்கும் என்பதால், பிரஷ்ஷால் சுத்தம்செய்யாமல் திருகினால் மரை தேய்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே வேலை செய்யுங்கள்.

சில நாட்கள் ஓட்டியபின் மறுபடி அளந்து, அளவு நிலைத்திருந்தால் வீல் அலைன்மென்ட் செய்து, எதிரே வருபவரின் கண் கூசாதபடி ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்யுங்கள்.