பெரோடுவா மைவி காருக்குப் பெரிய ரிம் மாட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போர்ட் ரிம் கடைகளில் பேச்சு அங்குலத்தில் தொடங்கி விலையில் முடிந்துவிடும். காரின் ஓட்டத்தை மாற்றுவது டயரின் மொத்த விட்டம். அதைக் கணக்குப் பார்க்காமல் வாங்குவதே பலர் செய்யும் தவறு.

மைவி 1.5-இன் அசல் டயர் அளவு 185/55 R15. அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவர் அதில் 55 விழுக்காடு, ஏறக்குறைய 102 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 203.5, 15 அங்குல ரிம்முக்கு 381, ஆக மொத்த விட்டம் 584.5 மி.மீ. இதில் 195/45 R16 மாட்டினால் 582, வித்தியாசமே தெரியாது. 205/45 R17 என்றால் 616! எல்லாக் கியரையும் 5 விழுக்காடு நீட்டிவிட்ட மாதிரி. கெந்திங் மலை ஏறும்போது எஞ்சின் திணறும். முன்பு மீட்டர் 110 காட்டிய அதே வேகத்துக்கு இப்போது 104தான் காட்டும். சம்மன் வந்தால் மீட்டரைக் குறை சொல்ல முடியாது. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும், 10,000 கி.மீ. சர்வீஸ் 10,500-ஐத் தாண்டிப் போகும். விட்ட வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

17தான் வேண்டுமென்றால் 205/40: விட்டம் 596, பரவாயில்லை. ஆனால் பக்கச்சுவர் 82 மி.மீ.தான். மழைத் தண்ணீர் மூடிய ஒரு குழியில் விழுந்தால் டயர் புடைக்கும், ரிம் நெளியும். கோலாலம்பூர் சாலைகளுக்கு 16-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

ரிம்மின் எடையை யாரும் கேட்பதில்லை. சுழலும் எடை என்பதால் சக்கரத்துக்கு 2 கிலோ கூடினாலே ஒவ்வொரு சிக்னலிலும் கார் சோம்பலாகக் கிளம்பும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

ஈடி எண்ணையும் பாருங்கள்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே அது. ஜே முன் உள்ள எண் ரிம்மின் அகலம், அங்குலத்தில். 6ஜே ஈடி45-லிருந்து 7ஜே ஈடி35-க்கு மாறினால் ரிம்மின் வெளி விளிம்பு சுமார் 23 மி.மீ. வெளியே வரும். ஆள் ஏறினால் ஃபெண்டரில் உரசும், பேரிங் சீக்கிரம் தேயும். டயர் பாடியைத் தாண்டி நீட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்கும்.

90-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்து காசைக் கரைக்காதீர்கள். மைவியின் ஹப் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) 54.1 மி.மீ.; கடை ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாமல் மாட்டினால் சக்கரம் மையத்தில் உட்காராது. நான்கு வளையங்கள், சின்னச் செலவு.

மலிவு டயரில் சுமை எண்ணையும் படியுங்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 80 என்றால் 450. அசல் டயரில் உள்ளதற்குக் கீழே போகக்கூடாது.

நட்டின் முனை ரிம்மின் இருக்கைக்குப் பொருந்த வேண்டும்: கூம்புக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை. டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) குறுக்கு மாறுக்காக முடுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.